ஒரே சொல், கடனுக்கு ஒப்புதல், நாட்டுக்குத் தடை

கேள்வி: கரூரில் ஒரு துணி ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். சென்ற வாரம் வங்கியிலிருந்து இரண்டு ஆங்கிலக் கடிதங்கள் வந்தன. ஒன்று எங்கள் கடன் ‘சாங்ஷண்டு’ என்கிறது. இன்னொன்று, ‘சாங்ஷண்டு’ நாடுகளோடு எங்களுக்கு வியாபாரம் இல்லை என்று உறுதிமொழி கேட்கிறது. அனுமதி பெற்ற நாடுகளோடு வியாபாரம் செய்தால் என்ன தவறு? முதலாளி கையெழுத்துப் போடத் தயங்குகிறார்.

பதில்: அச்சுப் பிழை ஏதுமில்லை. கடனோடு வரும்போது அந்தச் சொல்லுக்கு ‘ஒப்புதல் பெற்ற’ என்று பொருள். நாட்டோடு வரும்போது ‘தடைக்குள்ளான’ என்று பொருள்.

வேடிக்கையாகத் தோன்றினால் நம்முடைய ‘தள்ளுபடி’யை நினைத்துப் பாருங்கள். பயிர்க்கடன் தள்ளுபடி என்றால் ஊரே மகிழ்கிறது. ஜாமீன் மனு தள்ளுபடி என்றால் வீடே இடிந்துபோகிறது. முன்னால் நிற்பது கடனா மனுவா என்று காது பிடித்துக்கொள்வதால் நாம் குழம்புவதில்லை. சாங்ஷனிலும் பக்கத்தில் நிற்கும் சொல்லைத்தான் பார்க்க வேண்டும்.

அந்தப் பக்கத்துச் சொல் குறிப்பது தண்டிக்கக்கூடிய ஒன்றா? நாடு, ஆள், நிறுவனம், சரக்குக் கப்பல் என்றால் தடை. கடன், பணியிடம், கட்டட வரைபடம் என்றால் ஒப்புதல். மின் இணைப்புத் தாள்களில் வரும் ‘சாங்ஷண்டு லோட்’ அனுமதிக்கப்பட்ட மின்பளுதான். இந்தக் கேள்வி பெரும்பாலும் கைகொடுக்கும். சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. அதிகாரி மீது வழக்குத் தொடர ‘சாங்ஷன்’ கிடைத்தது என்று செய்தி வரும். அதிகாரிக்கு ஏதோ தடை என்று படித்துவிடக் கூடாது; 1988-ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு கேட்கும் முன் அனுமதி அது. அனுமதி வழக்குக்கு, ஆளுக்கு அல்ல.

பன்மையும் துப்புக் கொடுக்கும். ‘சாங்ஷன்ஸ்’ என்று வந்து, பின்னால் ‘ஆன்’ அல்லது ‘அகெய்ன்ஸ்ட்’ ஒட்டியிருந்தால் அநேகமாகத் தடைதான்.

இந்த இரட்டை வேடம் லத்தீனிலேயே தொடங்கிவிட்டது. மூலச் சொல்லுக்கு, மீறக் கூடாததென்று விதிப்பது என்று பொருள். ரோமானியச் சட்டங்களில், மீறினால் என்ன தண்டனை என்று கூறும் பகுதிக்கு ‘சாங்க்தியோ’ என்றே பெயர். சட்டத்தின் ஒப்புதல் ஒரு கிளை, சட்டத்தின் தண்டனை இன்னொரு கிளை. நாடுகள் மீதான தடை என்ற பொருள் முதல் உலகப் போருக்குப் பிறகு பரவியது. எத்தியோப்பியா மீது படையெடுத்த இத்தாலிக்கு 1935-இல், ஐ.நா.வுக்கு முன்பிருந்த பன்னாட்டுச் சங்கம் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) விதித்தவை இவ்வகைத் தடைகள் (போருக்கு உயிரான பெட்ரோலியத்தைப் பட்டியலில் சேர்க்காமல் விட்டது தனிக்கதை). 1998-இல் பொக்ரான் அணுகுண்டுச் சோதனைக்குப் பிறகு அமெரிக்கா நம் மீதும் விதித்தது.

இனி உங்கள் மேசைக்கு வருவோம். உறுதிமொழியில் கையெழுத்திடும் முன், அது எந்தத் தடைப் பட்டியல்களைக் குறிக்கிறது என்று வங்கியிடம் கேளுங்கள். ஐ.நா., அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம் ஆகியவற்றின் பட்டியல்கள் வெவ்வேறு. வாங்குபவரின் நாட்டைப் பார்த்தால் மட்டும் போதாது. அவருடைய வங்கி, சரக்கு ஏறும் கப்பல், இறங்கும் துறைமுகம் ஆகியவற்றையும் சரிபாருங்கள்.

முதல் கடிதத்தையும் ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். கடன் சாங்ஷன் ஆனது என்றால் பணம் கைக்கு வந்துவிட்டதாக ஆகாது. கடிதத்தில் நிபந்தனைகளும் காலக்கெடுவும் இருக்கும். அவை நிறைவேறிய பிறகுதான் பட்டுவாடா. முதலாளிக்குத் தமிழில் குறிப்பு எழுதும்போது சாங்ஷன் என்ற சொல்லையே தவிர்த்து, ஒரு தாளின் மேல் ‘கடன் ஒப்புதல்’ என்றும் மற்றதின் மேல் ‘தடைக்குள்ளான நாடுகள் பற்றிய உறுதிமொழி’ என்றும் எழுதிவிடுங்கள்.