நீலச் சட்டை: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

உங்கள் கியூபெக் நகரப் பயணக் குறிப்பில் ஒரு வரி வருகிறது. பஸ்ஸில் உங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த முதியவர், இப்போது இல்லாத ஒரு அணியின் நீலச் சட்டையைப் போட்டிருந்தார் என்றும், அதைப் பார்த்தால் உங்களுக்கு இன்றும் தொண்டை அடைக்கும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அடுத்த பத்தியிலேயே தேவாலயத்தைப் பற்றிப் பேசப் போய்விட்டீர்கள்.

நான் தேடிப் படித்தேன். கியூபெக் நார்டிக்ஸ் என்ற ஐஸ் ஹாக்கி அணி 1995இல் விற்கப்பட்டு அமெரிக்காவின் டென்வருக்குப் போய்விட்டது. போன முதல் வருடமே கோப்பையையும் ஜெயித்திருக்கிறது. அணி என்பது ஒரு முதலாளியின் சொத்து. ஆடியவர்கள் எங்கிருந்தோ சம்பளத்துக்கு வந்தவர்கள். முதலாளி கடையை மாற்றினார், வேலையாட்கள் கூடவே போனார்கள். இதற்காக முப்பது வருடம் கழித்தும் ஒருவர் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிவதும், அதைப் பார்த்து நீங்கள் கலங்குவதும் எனக்குக் கொஞ்சம் மிகையாகப் படுகிறது. நீங்கள் அந்த ஊர்க்காரர்கூட இல்லை. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

அன்புடன்,
க., ஈரோடு

அன்புள்ள க.,

தவறாக எடுக்கவில்லை. தொண்டை அடைத்தது என்று எழுதிவிட்டுக் காரணத்தைச் சொல்லாமல் போனது என் பிழை. உங்கள் கேள்வியில் பாதி சரி. அதை முதலில் ஒத்துக்கொள்கிறேன்.

அந்த ஊரில் அணியை 'நோர்தீக்' என்பார்கள். பிரெஞ்சில் வடக்கத்தியர் என்று பொருள். நானும் அப்படியே எழுதுகிறேன். 1972இல் தொடங்கிய அணி அது. சான் பிரான்சிஸ்கோவுக்கென்று இருந்த உரிமையைத்தான் கியூபெக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். 1979இல் என்.எச்.எல். என்கிற பெரிய லீக்கில் சேர்ந்தது. எண்பதுகளில் பெரும்பகுதி அது ஓகீஃப் என்ற பியர்க் கம்பனியின் கையில் இருந்தது. பரம வைரியான மொன்றியல் கனேடியன்ஸ், மோல்சன் என்ற பியர்க் கம்பனியின் கையில். ஆகவே சொத்து என்று நீங்கள் சொல்வதை நான் மறுக்க முடியாது. ஆனால் ஆடியவர்கள் 'எங்கிருந்தோ சம்பளத்துக்கு வந்தவர்கள்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். அந்த இடத்தில் என்னால் நகர முடியவில்லை. அவர்கள் எப்படி வந்தார்கள் என்பதை நான் ஒரு சமையலறையில் கேட்டேன்.

1986இன் கடைசியில் மொன்றியலில் வந்து இறங்கினேன். அந்தக் காலத்தில் வந்த எங்கள் பெடியள் பலரையும்போல எனக்கும் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுகிற வேலை. சமையலறையில் எல்லாரும் கனேடியன்ஸ் பக்கம், தலைமைச் சமையற்காரரைத் தவிர. அவர் கியூபெக் நகரத்தில் லிமுவாலு என்ற பகுதியில், நோர்தீக் ஆடிய கொலிசே அரங்குக்கு நடந்து போகிற தூரத்தில் பிறந்தவர். மா மூட்டைகள் வைக்கிற அறையின் கதவுக்குப் பின்னால் ஆணியடித்து அந்த நீலச் சட்டையைத் தொங்கவிட்டிருந்தார். கீழ்விளிம்பில் மாகாணக் கொடியில் உள்ள அதே வெள்ளை அல்லிப்பூக்கள். மா எடுக்கப் போகிற ஒவ்வொரு முறையும் அது என் தோளில் உரசும்.

1987 ஏப்ரல் 28. பருவ முடிவில் கிண்ணத்துக்காக ஆடுகிற பிளே ஓஃப் சுற்று, மொன்றியலுக்கும் கியூபெக்குக்கும் இடையிலான தொடரில் ஐந்தாவது ஆட்டம். தலைக்கு இரண்டு வெற்றி. குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒரு சின்ன ரிவி. ஆட்டத்தில் இரண்டுக்கு இரண்டு, முடிய மூன்று நிமிடம்கூட இல்லை. அலன் கோத்தே என்பவர் அடித்த பக், அதாவது பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு, வலைக்குள் போனது. மத்தான் என்ற ஆற்றங்கரை ஊரில் பிறந்தவர். என்.எச்.எல்.லில் ஆடிய பத்துப் பருவங்களும் இந்த ஒரு அணிக்குத்தான் ஆடினார். சமையற்காரர் அகப்பையைத் தூக்கினார். நடுவர் கெரி ஃப்ரேசர் கையை வீசி, கோல் இல்லை என்றார். கியூபெக்கின் போல் கிலிஸ் கோல் காவலருக்கு இடைஞ்சல் செய்தார் என்பது தீர்ப்பு. சற்று நேரத்தில் மொன்றியல் ஒரு கோல் போட்டு வென்றது. அடுப்பில் சோஸ் அடிப்பிடிக்கிற மணம் வந்தது. அதுவரை அவர் எதையும் அடிப்பிடிக்க விட்டு நான் கண்டதில்லை. அடுப்பை அணைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்று, கடை பூட்டும்வரை ஒரு வார்த்தை பேசாமல் என்னோடு சேர்ந்து கோப்பை கழுவினார். அந்தக் கோல் சரியா பிழையா என்று கியூபெக்கில் இன்றும் இரண்டு பேர் சேர்ந்தால் பேச்சு எழும். எனக்கு அந்த ஆட்டம் என்றால் அவருடைய கை தண்ணீருக்குள் இருந்ததுதான் நினைவு.

அடுத்த மாதம் யாழ்ப்பாணத்து வடமராட்சியில் இலங்கை இராணுவம் ஒப்பரேஷன் லிபரேஷன் என்ற தாக்குதலைத் தொடங்கியது. என் அண்ணை அங்கே இருந்தார், மனைவி பிள்ளைகளோடு. எனக்கு அப்போது பிரெஞ்சு அரைகுறை. அண்ணையைப் பற்றி அவரிடம் கைச்சாடையும் சொல்லுமாகச் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் என்னை மா அறைக்குக் கூட்டிப்போய் அந்தச் சட்டையைத் திருப்பிக் காட்டினார். முதுகில் 26 என்ற எண், மேலே ஸ்டாஸ்ட்னி என்ற பெயர்.

1980 ஓகஸ்ட். கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்த செக்கோஸ்லோவாக்கியாவின் ஸ்லோவான் பிராட்டிஸ்லாவா அணி, ஐரோப்பியக் கிண்ணப் போட்டிக்காக ஒஸ்ரியாவின் இன்ஸ்புரூக் நகரத்துக்கு வந்திருந்தது. அந்த அணியில் ஸ்டாஸ்ட்னி அண்ணன் தம்பிகள் மூன்று பேர்: மரியன், பீற்றர், அன்ரன். பீற்றருக்கு 23 வயது, அன்ரனுக்கு 21. பீற்றர் அங்கிருந்து கியூபெக்குக்குத் தொலைபேசி எடுத்தார். நோர்தீக் தலைவர் மார்செல் ஓபுவும் ஜில் லெஜே என்பவரும் உடனே விமானம் ஏறி வந்துவிட்டார்கள். கடைசி ஆட்டம் முடிந்த இரவு பீற்றரும் அன்ரனும் காரில் வியன்னாவுக்குத் தப்பினார்கள். பீற்றரின் மனைவி தரினா கூட வந்தார், எட்டு மாதக் கர்ப்பிணி. சில நாட்களில் மூவரும் கனடாவில்.

மூத்தவர் மரியனுக்கு ஊரில் மனைவியும் மூன்று பிள்ளைகளும். அவர் தம்பிமாரோடு போகவில்லை, பிராட்டிஸ்லாவாவுக்குத் திரும்பினார். அங்கே அவரை ஆட விடவில்லை. பின்னாலேயே கண்காணிப்பு. இரண்டு பேர் ஓடியதற்கு நின்றவர் விலை கொடுத்தார். இதைச் சொல்லும்போது சமையற்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை, சட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தம்பிமார் அந்த வருடம் எப்படி ஆடினார்கள் என்று சொல்ல வேண்டும். ஹொக்கியில் கோல் போட்டவருக்கு ஒரு புள்ளி, அதற்குப் பந்தி வைத்ததுபோலப் பக்கைக் கொடுத்தவருக்கும் ஒரு புள்ளி. 1981 பெப்ரவரி 20இல் வன்கூவருக்கு எதிராக இருவரும் ஆளுக்கு மூன்று கோல். ஒரு நாள் விட்டு, 22ஆம் தேதி வாஷிங்டனில் 11-7 என்று வென்ற ஆட்டத்தில் இருவருக்கும் ஆளுக்கு எட்டுப் புள்ளி: பீற்றர் நாலு கோல், அன்ரன் மூன்று கோல், மிச்சமெல்லாம் கொடுத்தது. முதல் பருவத்திலேயே பீற்றருக்கு 109 புள்ளி, சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருது. அந்தப் பத்தாண்டில் அவரைவிட அதிகப் புள்ளி எடுத்தவர் வேய்ன் கிரெற்ஸ்கி ஒருவர்தான். பழைய ஒளிப்பதிவுகளைப் பாருங்கள். அன்ரன் இருக்கிற பக்கம் பீற்றர் திரும்பவே மாட்டார், பக் மட்டும் அங்கே போய்ச் சேரும். ஒரே வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வளர்ந்தவர்களுக்கு யார் எங்கே கை நீட்டுவார் என்று தெரியும், அப்படித்தான் அந்த ஆட்டம் இருந்தது.

1981 கோடையில் மரியன் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு ஹங்கேரி, யூகோஸ்லாவியா வழியாக ஒஸ்ரியாவுக்குள் வந்து சேர்ந்தார். அந்தக் குளிர்காலத்தில் கொலிசே அரங்கில் ஒரே நீலத்தில் மூன்று முதுகு, ஒரே பெயர்: 18, 20, 26. சமையற்காரர் அந்த முதல் இரவு அரங்கில் நின்றாராம். மரியன் பனித்தளத்தில் கால் வைத்தபோது ஊர் முழுக்க எழுந்து நின்றது என்றார். தன் வீட்டுப் பிள்ளை வந்ததுபோல, என்றார். 'உன்ர அண்ணனும் வருவார்' என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு அடுப்புக்குப் போய்விட்டார். மரியனுக்குப் பத்து மாதம் எடுத்தது. என் அண்ணைக்கு நாலு வருடம்.

அவர்கள் சம்பளத்துக்கு ஆடினார்கள்தான், க. நானும் சம்பளத்துக்குத்தான் கோப்பை கழுவினேன். அதனால் அந்த ஊர் எனக்கு ஒன்றுமில்லை என்று ஆகிவிடுமா?

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. 1991இல், அந்த ஆண்டின் மிகச் சிறந்த இளைஞன் என்று எல்லாரும் சொன்ன எரிக் லின்ட்ரோஸை முதல் ஆளாகத் தேர்ந்தெடுக்கிற உரிமை நோர்தீக்குக்குக் கிடைத்தது. கனடாவில் பிறந்தவர், ஒன்ராறியோக்காரர், பக்கத்து மாகாணம். அவர் அந்த நீலச் சட்டையைப் போட மாட்டேன் என்று விட்டார். ஒரு வருடம் இழுபட்டது. 1992 ஜூனில் பிலடெல்பியாவுக்கு மாற்றினார்கள். பதிலுக்குப் பீற்றர் ஃபோர்ஸ்பேர்க் என்ற சுவீடன் இளைஞர், மைக் ரிச்சி, இன்னும் பலர், கூடவே ஒன்றரைக் கோடி அமெரிக்க டொலர். அந்த ஒக்ரோபரில் லின்ட்ரோஸ் எதிரணியில் கியூபெக்குக்கு ஆட வந்தபோது சனம் குழந்தைகளின் சூப்பியை அள்ளி அவர்மேல் எறிந்தது. அது நல்ல செயல் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கோபத்தின் அளவு எனக்கு விளங்குகிறது. ஒருவர் எட்டு மாதக் கர்ப்பிணியைக் காரில் ஏற்றிக்கொண்டு தப்பி வந்து போட்ட சட்டை அது.

அந்த மாற்றத்தில் வந்தவர்களையும், 1988இலிருந்து அங்கேயே ஆடிய ஜோ சாக்கிக்கையும் வைத்துத்தான் பலமான அணி கட்டப்பட்டது. சாக்கிக் பட்ட பாடு தனி. 1989-90 பருவத்தில் 80 ஆட்டத்தில் 12 வெற்றி மட்டும். அந்தத் தோல்விகளுக்குள் நின்று வளர்ந்து தலைவரானவர். 1995இல் கிழக்குப் பிரிவில் முதலிடம். முதல் சுற்றிலேயே நியூயோர்க்கிடம் தோற்றார்கள். அவ்வளவுதான் கதை. வரவு கனேடிய டொலரில், சம்பளம் அமெரிக்க டொலரில். கனேடிய டொலர் அப்போது முக்கால் அமெரிக்க டொலர்கூடப் பெறாது. அரங்கு பழையது, 15,000 பேருக்குச் சற்று மேல் கொள்ளும். புதிய அரங்குக்கும் உதவிக்கும் அரசோடு நடந்த பேச்சு சரிவரவில்லை. மே 25 அன்று ஓபு, அதே ஓபு, அணியை 7.5 கோடி அமெரிக்க டொலருக்கு விற்றுவிட்டதாக அறிவித்தார். கணக்குப் பார்த்தால் அவரைக் குறை சொல்லவும் இடமில்லை. அடுத்த வருடம் வினிபெக் அணியும் அதே வழியில் தெற்கே போனது.

பீற்றர் அதற்கு முன்பே, 1990இல், நியூ ஜேர்சிக்கு மாற்றப்பட்டிருந்தார். 1993இல் அவர் விட்டு ஓடிய நாடும் இரண்டாகப் பிரிந்து இல்லாமல் போனது. 1994இல் லில்லஹாமர் ஒலிம்பிக்கில் புதிய ஸ்லோவாக்கியாவின் கொடியைப் பிடித்து முன்னால் நடந்தவர் அவர்தான். செக்கோஸ்லோவாக்கியா, கனடா, ஸ்லோவாக்கியா என்று மூன்று நாட்டுச் சட்டை போட்ட மனிதர். பின்னாளில் பத்து வருடம் ஐரோப்பியப் பாராளுமன்றத்திலும் இருந்தார். மகன் போல், கியூபெக் நகரில் பிறந்த பிள்ளை, 2006இல் கொலராடோ அணிக்கு, அதாவது டென்வருக்குப் போன அதே அணிக்கு, ஆட வந்தார். எடுத்துப் போட்ட எண் 26. கியூபெக்கில் அது இனி யாருக்கும் கிடையாது என்று கூரையில் ஏற்றப்பட்ட எண்.

மிகை என்று நீங்கள் சொன்னது பஸ்ஸில் கண்ட ஒருவரை வைத்து. 2010 ஒக்ரோபரில் அணி திரும்ப வேண்டும் என்று கியூபெக் நகரத்து ஆபிரகாம் சமவெளியில் கூடியவர்கள் பல்லாயிரம் பேர், எல்லாரும் நீலத்தில். 2015இல் 18,000 பேருக்கு மேல் கொள்ளும் புதிய அரங்கும் கட்டிவிட்டார்கள். லீக் இன்னும் அணி தரவில்லை.

1996 ஜூன் 10 இரவு நான் கியூபெக் நகரத்தில் இருந்தேன். சமையற்காரர் ஓய்வெடுத்து லிமுவாலுவுக்கே திரும்பியிருந்தார். என்னையும் அண்ணையையும் சாப்பிடக் கூப்பிட்டார். மயாமியில் இறுதிச் சுற்றின் நாலாவது ஆட்டம், கொலராடோவுக்கும் புளோரிடாவுக்கும். ஒரு கோலும் இல்லாமல் மூன்றாவது மேலதிக நேரம்வரை போனது. இரவு ஒரு மணி தாண்டி ஊவே குருப் என்ற ஜேர்மன்காரர் தூரத்திலிருந்து அடித்த ஒன்று உள்ளே போய் ஆட்டம் முடிந்தது. முந்தைய வருடம் நோர்தீக்கில் இருந்தவர். சாக்கிக் கிண்ணத்தைத் தூக்கினார். கிண்ணம் ஒவ்வொரு கையாக மாறமாற, நீலம் போட்டிருந்தவர்களின் பெயரை மட்டும் சமையற்காரர் சொல்லிக்கொண்டு வந்தார். சாக்கிக், ஃபோர்ஸ்பேர்க், ரிச்சி, ஃபூட், கமென்ஸ்கி, குருப். மற்றவர்கள் கையில் இருந்தபோது பேசாமல் இருந்தார்.

பிறகு மூவரும் வெளியே படியில் போய் உட்கார்ந்தோம். தெரு நெடுக எல்லா வீட்டு யன்னலிலும் ரிவி வெளிச்சம். ஒரு வீடுகூடத் தூங்கியிருக்கவில்லை. ஒருவரும் வெளியே வரவில்லை, ஒரு கார் ஹோர்ன்கூட அடிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு யன்னலாக அணைந்தது.

அன்புடன்.