ஏற்காடு பாதி ஏறுமுன் பேட்டரி காலி: புது எலக்ட்ரிக் சைக்கிளில் பழுதா?

கேள்வி: சேலத்தில் இருக்கிறேன். வயது 43, எடை 76 கிலோ. போன மாதம் ஒரு எலக்ட்ரிக் மவுண்டன் பைக் வாங்கினேன். பின்சக்கரத்தில் 250 வாட் மோட்டார், 36 வோல்ட் 10 ஆம்பியர்-மணி பேட்டரி, முன்னால் ஷாக் அப்சார்பர், இரண்டு சக்கரத்திலும் கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக். ஊருக்குள் ஓட்ட அருமையாக இருக்கிறது. ஆனால் 25 கி.மீ. வேகத்தைத் தொட்டதும் மோட்டார் கைவிட்டுவிடுகிறது. மிதிப்பதை நிறுத்தினாலும் ஒரு கணம் தானாகத் தள்ளுகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு ஏறப் போனேன். ஒருமுறை சார்ஜ் போட்டால் 60 கி.மீ. ஓடும் என்று சொல்லி விற்ற வண்டி, பாதி மலையிலேயே படுத்துவிட்டது. இறங்கும்போது பிரேக் கத்தியது, கருகல் வாடை வேறு. கடையில் கேட்டால் “எல்லாம் அப்படித்தான் சார்” என்கிறார்கள். பழுதான வண்டியை என் தலையில் கட்டிவிட்டார்களா? இன்னொரு பேட்டரி வாங்கினால் சரியாகுமா?

பதில்: பழுதான வண்டி மாதிரி தெரியவில்லை. 25 கி.மீ.யில் மோட்டார் நிற்பதும் மலையில் பேட்டரி தீர்ந்ததும் இந்த வகை வண்டியின் இயல்பு. அந்த ஒரு கணத் தள்ளலும் பெரும்பாலும் இயல்புதான், ஆனால் ஒரு சோதனை செய்துவிட வேண்டும். பிரேக் விஷயத்தில் மட்டும் “எல்லாம் அப்படித்தான்” என்ற பதில் செல்லாது. அதைச் சரிபார்க்காமல் மறுபடி மலையிலிருந்து இறங்காதீர்கள்.

முதலில் அந்த 25 கி.மீ. சமாச்சாரம். மத்திய மோட்டார் வாகன விதிகள் உங்கள் வண்டியை சைக்கிளாகவே விட்டுவைத்திருப்பதற்குக் காரணம் இந்த வரம்புதான். மோட்டாரின் அரை மணி நேரத் திறன் 0.25 கிலோவாட்டுக்குள் இருக்க வேண்டும், 25 கி.மீ. வேகத்தை எட்டும்போது மோட்டார் தன் உதவியைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்திவிட வேண்டும். அப்படி இருந்தால் பதிவும் வேண்டாம், ஓட்டுநர் உரிமமும் வேண்டாம். டிஸ்ப்ளேயில் ஏதோ ஒரு மெனுவுக்குள் போய் இந்த வரம்பைத் தூக்கிவிடும் வழியை வீடியோக்களில் காட்டுவார்கள். செய்தால் சட்டத்தின் கண்ணில் அது பதிவு செய்யாத மோட்டார் வாகனம். ஒரு விபத்து நடந்தால் அப்புறம்தான் அதன் விலை தெரியும். ஐரோப்பாவிலும் இதே 25 கி.மீ.தான். அமெரிக்காவில் பல மாநிலங்கள் 32 கி.மீ. வரை விடுகின்றன. அதனால் அங்கிருந்து வரும் விமர்சனங்களைப் பார்த்துவிட்டு நம் வண்டியைக் குறை சொல்ல வேண்டாம்.

அடுத்தது அந்தத் தள்ளல். உங்கள் விலை வட்டத்தில் வரும் வண்டிகளில் பெரும்பாலும் பெடல் அச்சருகே சின்னச் சின்னக் காந்தங்கள் பதித்த ஒரு வளையம் இருக்கும். பெடல் சுற்றுகிறதா என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும், எவ்வளவு அழுத்தி மிதிக்கிறீர்கள் என்பது தெரியாது. ஆகவே கால் பெடலில் லேசாகச் சுழன்றாலும் மோட்டார் முழுசாக வரும், நிறுத்தினால் கொஞ்சம் தாமதித்துப் போகும். மிதிக்கும் அழுத்தத்தையே அளக்கும் சென்சார் உள்ள வண்டிகள் இன்னும் இயல்பாக ஓடும், விலையும் அதற்கேற்ப ஏறும். உங்களுடையதில் இந்தத் தாமதத்தை வெல்ல பிரேக் லீவரிலேயே மோட்டாரைத் துண்டிக்கும் சுவிட்ச் இருக்க வேண்டும். வண்டியை ஸ்டாண்டில் போட்டுப் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிக்கொள்ளுங்கள். பெடலைக் கையால் சுற்றி மோட்டாரை ஓடவிட்டு, ஒரு லீவரை மட்டும் விரலால் லேசாக இழுங்கள். பிரேக் பிடிக்கும் முன்பே மோட்டார் சத்தம் அடங்க வேண்டும். பிறகு மற்ற லீவர். இரண்டில் ஒன்று வேலை செய்யாவிட்டாலும் அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோங்கள். கொண்டை ஊசி வளைவில் பிரேக்கும் மோட்டாரும் மல்லுக்கட்டுவது விளையாட்டில்லை.

இனி உங்கள் பெரிய வருத்தத்துக்கு வருவோம். 60 கி.மீ. என்பது பொய் என்று சொல்லமாட்டேன். சமதரையில், மோட்டார் உதவியின் முதல் நிலையில், நல்ல ரோட்டில், வேலையில் பாதியை உங்கள் கால்களே செய்தால் கிடைக்கலாம். ஆனால் மலையைக் கிலோமீட்டரில் அளக்கக் கூடாது, உயரத்தில் அளக்க வேண்டும். நீங்களும் வண்டியும் சேர்ந்து 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோவை 100 மீட்டர் உயரம் தூக்க ஏறத்தாழ 27 வாட்-மணி (பேட்டரியில் இருக்கும் ஆற்றலை அளக்கும் அலகு) வேண்டும். இது இயற்பியல், எந்தக் கம்பெனியாலும் இதில் தள்ளுபடி தர முடியாது. ஏற்காடு அடிவாரத்திலிருந்து மேலே ஏரி வரை சுமார் 1,000 மீட்டர் உயரம். ஆக 270 வாட்-மணி. சுமார் 20 கி.மீ. தூரத்துக்கு டயர் உராய்வு மட்டும் இன்னொரு 50, 60 கேட்கும். மொத்தம் 325 என்று வையுங்கள்.

உங்கள் பேட்டரியில் எவ்வளவு இருக்கிறது? 36 வோல்ட்டை 10 ஆம்பியர்-மணியால் பெருக்கினால் 360 வாட்-மணி. அடடா, போதுமே என்று தோன்றும். ஆனால் பேட்டரியிலிருந்து எடுப்பதெல்லாம் சக்கரத்துக்குப் போய்ச் சேருவதில்லை. நல்ல வேகத்தில் ஓடும்போது மோட்டார் நூற்றுக்கு எழுபது, எண்பது பங்கைத் தள்ளுவிசையாக மாற்றும், மீதி சூடாகப் போகும். செங்குத்தான இடத்தில் சக்கரம் மெதுவாகச் சுற்றும்போது பாதிகூடத் தேறாது.

இங்கேதான் பின்சக்கர மோட்டாரின் குணத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். அது சக்கரத்தின் நடுவில் உட்கார்ந்திருப்பதால் நீங்கள் கியர் மாற்றுவது அதற்குத் தெரியவே தெரியாது. சின்ன கியர் போட்டால் உங்கள் காலுக்குத்தான் சுகம், மோட்டார் அதே கியரில்தான் மலையேறுகிறது, டாப் கியரிலேயே மலை ஏற்றப்படும் பழைய பஸ் மாதிரி. 250 வாட் என்று எழுதியிருந்தாலும் ஏற்றத்தில் திணறும்போது பல மோட்டார்கள் பேட்டரியிலிருந்து 400, 500 வாட் வரை இழுக்கும். 500 வாட் வீதம் இழுத்தால் 360 வாட்-மணி முக்கால் மணி நேரம்கூட நிற்காது. உதவியை உச்ச நிலையில் வைத்து, காலைச் சும்மா சுற்றிக்கொண்டு ஏறியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஆக்சிலேட்டர் இருந்தால் அதையும் திருகியிருப்பீர்கள். புது வண்டி கிடைத்த சந்தோஷத்தில் எல்லோரும் செய்வதுதான்.

பெடல் அச்சிலேயே மோட்டார் பொருத்திய வண்டிகள் வேறு ஜாதி. பாஷ் பெர்ஃபார்மன்ஸ் லைன் சிஎக்ஸ், ஷிமானோ இபி8 போன்ற மோட்டார்கள் செயின் வழியாகத் தள்ளுவதால், நீங்கள் கியரைக் குறைத்தால் மோட்டாருக்கும் கியர் குறைகிறது. இரண்டுமே 85 நியூட்டன்-மீட்டரோ அதற்கு மேலோ முறுக்குவிசை தருபவை. வெளிநாட்டு மலைப்பாதை வீடியோக்களில் செங்குத்தான பாறையில் ஏறுகிறதே, அவை இப்படிப்பட்ட வண்டிகள். 600 வாட்-மணியும் அதற்கு மேலும் பேட்டரி வைத்திருப்பார்கள். விலை பல லட்சம். ஏற்காடு தார் ரோட்டுக்கு அவ்வளவு செலவு அவசியமில்லை என்பது என் கட்சி.

சரி, உங்கள் வண்டியிலேயே ஏறிவிடலாமா? தாராளமாக. உங்கள் கால் தொடர்ந்து 100 வாட் கொடுத்தால் போதும். மூச்சு வாங்கும், ஆனால் பக்கத்தில் வருபவரோடு துண்டு துண்டாகப் பேச முடியும், அந்த அளவு உழைப்பு. மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் ஏறினால் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் மேலே போய்விடலாம். அதற்குள் உங்கள் கால் 165 வாட்-மணிக்கு மேல் போட்டிருக்கும். மோட்டார் பங்கு 160. விரயத்தையும் சேர்த்துப் பேட்டரியில் 230 போகும். மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருக்கும்போதே ஏரிக்கரையில் நிற்பீர்கள்.

அதற்கு ஓட்டும் விதத்தை மாற்ற வேண்டும். அடிவாரத்தில் உதவியை ஐந்தில் இரண்டாம் நிலைக்கு மேல் வைக்காதீர்கள். பின்னால் பெரிய பல்சக்கரத்துக்கு முன்கூட்டியே மாறி, பெடல் நிமிடத்துக்கு எழுபது சுற்றாவது வரும்படி மிதியுங்கள். கால் இறுகும்போது கியர் மாற்றினால் செயின் கடகடக்கும், ஒரு நொடி அழுத்தத்தைத் தளர்த்திவிட்டு மாற்றுங்கள். வளைவின் உட்புறம் செங்குத்தாக இருக்கும். மேலிருந்து வண்டி ஏதும் வரவில்லை, தெளிவாகத் தெரிகிறது என்றால் உங்கள் பக்கத்துக்குள்ளேயே கொஞ்சம் அகலமாக எடுக்கலாம். அந்த இருபது மீட்டருக்கு மட்டும் உதவியை ஏற்றிவிட்டு உடனே இறக்கிவிடுங்கள். வேகம் 8 கி.மீ.க்குக் கீழே போய் அங்கேயே நின்றால் மோட்டார் வெறும் சூட்டைத்தான் தயாரிக்கிறது என்று அர்த்தம். ஆறேழு வளைவுக்கு ஒருமுறை ஓரமாக நிறுத்தி மோட்டார் உறையின் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கை வைக்க முடியவில்லை என்றால் பத்து நிமிடம் உட்காருங்கள். பல மோட்டார்களுக்குள் இருப்பது நைலான் பல்சக்கரம், அதிகச் சூடு அதற்கு ஆகாது. பக்கத்திலேயே பிரேக் தட்டு இருக்கிறது, அதன்மேல் விரல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரேக்குக்கு வருகிறேன். மேலே போகச் செலவான அந்த 270 வாட்-மணி எங்கும் போய்விடவில்லை, உயரமாக மாறி உங்களோடு நிற்கிறது. இறங்கும்போது அது முழுவதும் வெளியே வந்தாக வேண்டும். இறக்கத்தில் பேட்டரி சார்ஜ் ஆகும் என்று யாராவது சொல்லியிருந்தால் மறந்துவிடுங்கள். உங்களுடையது போன்ற மோட்டார்களில் பெரும்பாலானவை மிதிக்காதபோது சக்கரத்திலிருந்து கழன்று சும்மா சுற்றும்படி செய்யப்பட்டவை. காற்றும் டயரும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதியை விழுங்குவது கையகலத் தட்டுகள் இரண்டும், அவற்றை இருபுறமும் இறுக்கிப் பிடிக்கும் நகத்தளவு பேடுகள் நான்கும்தான். வாடை அங்கிருந்துதான் வந்தது.

இறங்கும் வழி முழுக்க லீவரை லேசாகப் பிடித்துக்கொண்டே வந்தால் தட்டு ஆற நேரமே கிடைக்காது. நேர்ப்பகுதியில் விட்டுவிடுங்கள், வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் கொட்டுங்கள், மறுபடி விடுங்கள். பின்பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள், இறக்கத்தில் எடை முன்னால் சாய்வதால் நிறுத்தும் பலம் முன்பிரேக்கில்தான் இருக்கிறது. பாதி வழியில் ஒரு டீ குடிக்கும் நேரம் நில்லுங்கள். சூடான தட்டில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், கோணிக்கொள்ளும்.

ஆனால் அதற்கு முன் வேலை இருக்கிறது. புது பேடும் புதுத் தட்டும் ஒன்றுக்கொன்று பழக வேண்டும். ஆளில்லாத சமதரை ரோட்டில் 20 கி.மீ. வேகத்துக்கு வந்து, நடை வேகம் வரை பிரேக் பிடித்து விட வேண்டும், சக்கரம் பூட்டிக்கொள்ளக் கூடாது. முன்னால் ஒரு இருபது தடவை, பின்னால் ஒரு இருபது தடவை. பல கடைகளில் இதைச் செய்து கொடுப்பதுமில்லை, செய்யச் சொல்வதுமில்லை. நீங்கள் இது இல்லாமலே மலை இறங்கிவிட்டதால் பேடின் முகம் கண்ணாடி போலப் பளபளத்துப் போயிருக்கலாம். கழற்றி உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, தட்டைச் சுத்தமான ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு, மேற்சொன்னபடி பழக்குங்கள். பேடில் எண்ணெய் ஊறியிருந்தால் தேய்ப்பதில் பயனில்லை, மாற்றிவிடுங்கள். செயினுக்கு ஸ்பிரே அடிக்கும்போது அது தட்டில் தெறிப்பதே பாதிக் கத்தலுக்குக் காரணம்.

கேபிள் டிஸ்க் பிரேக்கில் பெரும்பாலும் ஒரு பேட் மட்டும்தான் நகரும், மற்றது அசையாது. தேயத் தேய அந்த அசையாத பேடை அலென் கீயால் உள்ளே திருகிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் லீவர் ஹேண்டில்பாரைத் தொடும் வரை வந்துவிடும். மாதம் இரண்டு முறை மலைக்குப் போவதாக இருந்தால், கூடுதல் பேட்டரிக்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு பகுதியை ஹைட்ராலிக் பிரேக்குக்குச் செலவிடச் சொல்வேன். மோட்டார் துண்டிக்கும் சுவிட்சோடு வருகிற லீவராகக் கேளுங்கள்.

முதல் சர்வீஸில் மெக்கானிக் கேட்காவிட்டாலும் நீங்கள் கேட்க வேண்டியது பின் அச்சு நட்டும் போக்ஸ் கம்பிகளும். மோட்டார் அச்சை எதிர்ப்பக்கமாகத் திருகிக்கொண்டே இருப்பதால் நட்டு இளகினால் அச்சு கழன்று வயரையும் அறுத்துவிடும். போக்ஸ் முதல் நூறு, இருநூறு கிலோமீட்டரில் தளரும், ஒருமுறை பெண்டு எடுத்துவிட்டால் அப்புறம் நீண்ட நாள் தொல்லை இல்லை. டயரில் கடைக்காரர் கல்லு மாதிரி காற்று அடித்துக் கொடுத்திருப்பார். உங்கள் எடைக்கு ரோட்டில் 40 பிஎஸ்ஐ, எஸ்டேட் மண் பாதையில் 30 போதும். டயர் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே மட்டும் போகாதீர்கள். ஷாக் அப்சார்பர் சரியில்லை என்று வரும் புகார்களில் நிறைய, காற்றைக் குறைத்ததும் காணாமல் போய்விடும். வாட்டர் சர்வீஸ் கடையில் மட்டும் விட்டுவிடாதீர்கள், அந்த அழுத்தத்தில் தண்ணீர் மோட்டார் வயர் இணைப்புக்குள் போய்விடும். வாளித் தண்ணீரும் துணியும் போதும்.

மவுண்டன் பைக் என்ற பெயரை நம்பி மேட்டிலிருந்து குதிக்கவும் வேண்டாம். உங்களுடையது தார் ரோடு, மண் ரோடு, காபித் தோட்டத்து ஜல்லிப் பாதை வரைக்குமான வண்டி. பின்னால் ஷாக் இல்லை, மோட்டார் எடை முழுக்கப் பின்சக்கரத்தில். குதித்தால் முதலில் போவது ரிம்தான். காப்புக்காட்டுப் பாதைகளில் வனத்துறை அனுமதியில்லாமல் நுழையக் கூடாது என்பது சத்தமில்லாத சைக்கிளுக்கும் பொருந்தும்.

இரண்டாவது பேட்டரி? இப்போதைக்கு வாங்காதீர்கள். மேற்சொன்ன முறையில் ஒருமுறை ஏறிப் பாருங்கள். இறங்க மின்சாரம் தேவையில்லை, அடிவாரத்திலிருந்து வீட்டுக்குப் போக மிச்சமிருப்பது தாங்கும். சார்ஜரைப் பையில் போட்டுக்கொண்டு போனால், சாப்பிடும் கடையில் கேட்டுவிட்டு இரண்டு மணி நேரம் செருகலாம். 2 ஆம்பியர் சார்ஜராக இருந்தால் அதற்குள் சுமார் 40 சதவீதம் ஏறிவிடும், ஆனால் ஏறி வந்த சூடு அடங்க அரை மணி நேரம் விட்டுவிட்டுச் செருகுங்கள். இரண்டு மூன்று முறை போன பிறகும் போதவில்லை என்றால் வண்டியைத் தயாரித்த கம்பெனியின் பேட்டரியையே வாங்குங்கள். பாதி விலைக்கு செல் அடுக்கிக் கட்டித் தருகிறேன் என்பவர்களிடம் போக வேண்டாம். சார்ஜில் போட்டுவிட்டு வீட்டில் எல்லோரும் தூங்கப் போகிற பொருள் அது.