தரையிலும் பூ, சோபாவிலும் பூ: சுவருக்கு என்ன நிறம்?

கேள்வி: புது வீட்டு ஹாலில் ஆத்தங்குடி கல் பதித்திருக்கிறோம். செங்காவி, மஞ்சள், பச்சையில் பெரிய பூ டிசைன். சோபா உறையிலும் ஏறக்குறைய அதே அளவில் பூ. ஹாலுக்குள் நுழைந்தாலே கண்ணை உறுத்துகிறது. சுவருக்கும் திரைச்சீலைக்கும் என்ன நிறம் எடுக்கலாம்? – மதுரை வாசகி

பதில்: சுவர் இருக்கட்டும், முதலில் சோபா உறையை மாற்றுங்கள். ஆத்தங்குடி கல் கண்ணாடித் தட்டின் மேல் ஒவ்வொன்றாகக் கையால் வார்ப்பது. ஆசைப்பட்டுப் பதித்ததை யாரும் பெயர்க்கப்போவதில்லை. எனவே மற்ற எல்லாவற்றின் நிறத்தையும் தரையே முடிவு செய்யட்டும்.

பூக்கள் இரண்டும் ஒரே அளவில் இருப்பதுதான் சிக்கல். எதைப் பார்ப்பது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. சோபாவுக்குப் பூவே வேண்டாம். கல்லில் உள்ள பச்சையையே கொஞ்சம் மங்கலாக, வெற்றுத் துணியில் எடுங்கள். வெறுமையாகத் தெரிந்தால் குஷன் உறையில் சின்னக் கட்டம் போடலாம். பழைய கண்டாங்கிச் சேலை இருந்தால் வெட்டித் தைத்துவிடுங்கள், அருமையாக இருக்கும். பூவும் கட்டமும் வேறு வேறு சாதி, அளவும் வேறு. நிறம் மட்டும் ஒத்துப்போனால் போதும். பவானி ஜமக்காளம் எனக்கு மிகவும் பிடிக்கும், ஆனால் அந்தப் பட்டைக் கோடுகளை இந்தத் தரையில் விரித்தால் சண்டைக்கு மூன்றாவது ஆளும் வந்த மாதிரிதான்.

அப்புறம் சுவர். செட்டிநாட்டு வீடுகளில் இந்தக் கல்லுக்கு மேல் சுண்ணாம்பு வெள்ளைச் சுவர் எவ்வளவு பாந்தமாக இருக்கிறது! நீங்களும் வெள்ளைப் பக்கமே போங்கள், நீலம் கலந்த பளீர் வெள்ளை மட்டும் வேண்டாம்; லேசாக மஞ்சள் கலந்த ஆஃப் ஒயிட் நல்லது. ஷேட் கார்டை நம்பாதீர்கள். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரிலும் பக்கத்துச் சுவரிலும் 2 அடிக்கு 2 அடி அடித்து, காய்ந்த பிறகு காலையில் ஒருமுறை, மாலை 4 மணிக்கு ஒருமுறை, இரவில் விளக்கைப் போட்டு ஒருமுறை பாருங்கள். மேற்கு ஜன்னலாக இருந்தால் மாலை வெயிலில் கிரீம் நிறம் நன்றாக மஞ்சளடிக்கும். 6500 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) வெள்ளை எல்.ஈ.டி. விளக்கில் செங்காவி செத்துப்போகும், மஞ்சள் ஒளி தரும் 3000 கெல்வின் வாங்குங்கள்.

திரைச்சீலைக்குச் சுவர் நிறத்திலேயே ஒரு படி அழுத்தமான வெற்றுத் துணி போதும்.

ஒன்று, துணிகளை வாங்கிய பிறகே பெயிண்ட் கடைக்குப் போங்கள். துணியைக் காட்டினால் அதற்கேற்பப் பெயிண்ட் கலந்து தருவார்கள். பெயிண்டுக்கேற்ற துணி தேடிக் கடை கடையாக அலைய முடியாது.