அரசனே இல்லாத ஐஸ்லாந்து எப்படி ஒரே முடிவில் கிறிஸ்தவ நாடானது?

பொதுச்சபையில் பேசி எடுத்த முடிவு அது. ஆனால் நெருக்கடியே இல்லாமல் நடந்தது என்று சொல்லிவிட முடியாது. தீவு கிறிஸ்தவத்துக்கு மாற வேண்டும் என்று நெருக்கிய நார்வே மன்னன் ஓலாவ் டிரிக்வசன், ஐஸ்லாந்தின் பெரிய குடும்பத்துப் பிள்ளைகளைப் பிணையாகப் பிடித்து வைத்திருந்தான்.

930 வாக்கில் தொடங்கிய ஆல்திங் என்ற அந்தச் சபையில், ஏறத்தாழ 1000-ஆம் ஆண்டு கோடையில், கிறிஸ்தவர்கள், பழைய தெய்வங்களை வணங்கியவர்கள் என்ற இரு தரப்பும் தனித்தனிச் சட்டம் வைத்துக்கொண்டு பிரியும் நிலைக்கு வந்தன. தீர்ப்பு, சட்டம் ஓதும் பதவியிலிருந்த தோர்கெய்ரிடம் விடப்பட்டது. அவரோ பழைய தெய்வங்களை வணங்கியவர்! ஒரு பகலும் இரவும் போர்வைக்குள் படுத்து யோசித்தவர், சட்டம் பிளந்தால் அமைதியும் பிளக்கும் என்று கூறி, எல்லோரும் ஞானஸ்நானம் பெற வேண்டும் என்றார். கூடவே சலுகைகள்: குதிரை இறைச்சி உண்ணலாம், பிறந்த சிசுவைக் கைவிடும் வழக்கம் தொடரலாம், மறைவாகப் பலியும் இடலாம். சில ஆண்டுகளில் இவையும் ஒழிந்தன.

என் பார்வையில், அரசியலை உண்மையில் புரட்டிப்போட்டது 1097 வாக்கில் வந்த தசமபாகச் சட்டம்தான், அதாவது தேவாலயத்துக்கான வரிச் சட்டம். தேவாலயங்கள் பலவும் செல்வாக்குள்ள குடும்பங்களின் நிலத்தில் நின்றதால், வரியின் ஒரு பங்கு அவர்கள் கைக்கே போனது. செல்வம் சில வீடுகளில் குவிந்தது. 13-ஆம் நூற்றாண்டில் அந்த வீடுகள் ஒன்றோடொன்று மோதின. 1262 முதல் தீவு நார்வே மன்னனுக்குப் பணிந்தது.