மிகச் சிறந்த ரிவால்வர் வீரர் யார்: அமெரிக்கத் துப்பாக்கி வீரர்களான மெக்கிவர்னா, மிக்யூலெக்கா?

ஒரே இலக்கில் விட்டுவிடாமல் சுடும் வேகம் மட்டும் அளவுகோல் என்றால் எட் மெக்கிவர்ன்தான். ஆனால் மிகச் சிறந்த ரிவால்வர் வீரர் யார் என்றால் என் தேர்வு ஜெர்ரி மிக்யூலெக்.

மெக்கிவர்ன் 0.45 விநாடியில் சுட்ட 5 குண்டுகள் பெரிதா, மிக்யூலெக் 1 விநாடியில் சுட்ட 8 குண்டுகள் பெரிதா என்று நீங்கள் குழம்புவதற்குக் காரணம், இரண்டையும் ஒரே தராசில் வைப்பதுதான் என்று நினைக்கிறேன். மெக்கிவர்ன் 1932இல் தெற்கு டகோட்டாவில் 15 அடி தூரத்திலிருந்து சுட்ட ஐந்து துளைகளையும் ஓர் அமெரிக்க அரை டாலர் நாணயத்தால் மூடிவிடலாம். மிக்யூலெக்கோ 1999இல் அந்த எட்டுக் குண்டுச் சாதனையோடு, ஆறு குண்டுகளைச் சுட்டு, ரிவால்வரில் தோட்டாக்கள் இருக்கும் உருளையைத் திறந்து காலித் தோட்டாக்களை உதிர்த்து, மெல்லிய தகட்டில் கோத்த புதிய ஆறையும் ஒரே வீச்சில் செருகி, மீண்டும் ஆறு சுட்டு, எல்லாவற்றையும் 2.99 விநாடியில் முடித்தார். கை, கண், விரல் மூன்றும் ஒருங்கே இயங்காமல் இது நடக்காது. என்னைப் பொறுத்தவரை இதுவே முழுத் தேர்ச்சி.

எந்தச் சாதனையை ஒப்பிட்டாலும், கடிகாரம் ஒலிக்குறிப்பில் தொடங்கியதா, முதல் வெடியில் தொடங்கியதா என்பதை முதலில் பாருங்கள். அதைப் பார்க்காமல் விநாடியைக் குண்டுகளால் வகுப்பது தவறான விடையே தரும்.

நிதானமாகக் குறிபார்த்துச் சுடும் துல்லியப் போட்டிகள் தனிக் களம். அவற்றுக்கு இந்த முடிவு பொருந்தாது.