டிராயிங் மாஸ்டரை ஆயா ஆக்காதீர்கள்

கேள்வி: மியூனிக்கில் வசிக்கிறோம். மே மாதம் மூன்று நாள் ஃப்ளோரன்ஸ் போகிறோம். டுவோமோ தேவாலயக் குவிமாடம், உஃபிஸி ஓவியக்கூடம், டேவிட் சிலை என்று எல்லாவற்றையும் நடந்தே பார்த்து முடிக்க வேண்டும் என்று கணவர் அட்டவணை போட்டிருக்கிறார். எனக்கு நிதானமாகச் சுற்ற ஆசை. தினமும் சண்டை. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவுக்கு முழங்கால் வலி. ரிட்டயர்டு டிராயிங் மாஸ்டர், பொறுமைசாலி. இரண்டு வயதுப் பேரனோடு ஓட்டலிலேயே இருந்துகொள்வார், அந்தக் கவலை இல்லை. கணவரை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?

பதில்: உங்கள் சண்டைக்கு இரண்டு வரி போதும். உஃபிஸிக்கும் டேவிட் இருக்கும் அக்காடெமியாவுக்கும் திங்கட்கிழமை விடுமுறை. அட்டவணையைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். குவிமாடத்துக்கு 463 படி, லிஃப்ட் கிடையாது. அவர் ஏறட்டும், நீங்கள் கீழே நில்லுங்கள். தீர்ந்தது.

'அந்தக் கவலை இல்லை' என்றீர்களே, அதற்கு வருகிறேன். யாருக்கு இல்லை? உங்களுக்கு. அப்பாவைக் கேட்டீர்களா? இதே கடிதம் எனக்கு அடிக்கடி வருகிறது, ஊர்ப்பெயர்தான் மாறும். ஆனால் ஒரு டிராயிங் மாஸ்டரை ஃப்ளோரன்ஸ் வரை கூட்டிப்போய் அறைக்குள் உட்கார வைக்கும் மகளை இப்போதுதான் பார்க்கிறேன்.

தண்டவாளம் தூரத்தில் போய் ஒரு புள்ளியில் சேர்வதைக் கரும்பலகையில் எத்தனை வருடம் போட்டுக் காட்டியிருப்பார்! பெர்ஸ்பெக்டிவ் என்கிற அந்தக் கணக்கு பிறந்த இடம் டுவோமோவின் நடுவாசல். குவிமாடத்தைக் கட்டிய அதே புருனெலெஸ்கி, 1400களின் தொடக்கத்தில் அங்கே நின்று எதிரிலிருக்கும் ஞானஸ்நானக் கோயிலை அந்தக் கணக்குப்படி ஒரு பலகையில் வரைந்தார். பலகையில் ஓட்டை போட்டு, பின்பக்கமிருந்து கண்ணை வைத்து, எதிரே பிடித்த கண்ணாடியில் அந்தப் படத்தைப் பார்க்கச் சொன்னார். பார்த்தவர்களுக்கு நிஜக் கட்டடமே தெரிந்ததாம். அந்த வாசலுக்கு எதிரே நிற்க டிக்கெட் வேண்டாம், முழங்காலும் பெரிதாக வேண்டாம்.

அங்கிருந்து கால்ட்சையுவோலி தெரு. வண்டி தொந்தரவில்லை, பேரனின் தள்ளுவண்டி தாராளமாகப் போகும். வழியில் ஓர்சான்மிக்கேலே என்ற பழைய தேவாலயம். தொழில் சங்கங்கள் ஆளுக்கொரு மாடம் எடுத்துத் தங்கள் புனிதர்களைச் சுவரில் நிறுத்தியிருக்கின்றன. கல், மர வேலைக்காரர்களின் மாடத்துக்கு அடியில் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள்: ஒருவர் சுவர் எழுப்புகிறார், ஒருவர் துளை போடுகிறார், ஒருவர் குழந்தை உருவம் செதுக்குகிறார். மேலே நிற்கும் சிலைகள் நகல்கள். அசல் உள்ளே அருங்காட்சியகத்தில். இன்னும் கொஞ்ச தூரத்தில் சிக்னோரியா சதுக்கம். அங்கே திறந்த மண்டபத்தில் சிற்பி செல்லினியின் பெர்சியஸ் சிலை, காசில்லாமல்.

வயதான காலத்தில் பேரனைக் கொஞ்சுவது சுகம்தான், மறுக்கவில்லை. அதையே வேலையாக ஒப்படைத்துவிட்டு 'பொறுமைசாலி' என்று பட்டம் கொடுப்பது பிள்ளைகள் செய்யும் காரியமா? உங்களைப் படிக்க வைத்த சம்பளம் அந்தச் சாக்பீஸில் வந்தது. மூன்றில் ஒரு நாள் அப்பாவுடையது. அன்று பிள்ளை உங்கள் இடுப்பில், வழி அவர் சொல்லும் வழி, வேகம் அவருடைய கால் வேகம். மாப்பிள்ளை அட்டவணையோடு தனியே ஓடினால் ஓடட்டும்.

கிளம்பும்முன் ஒரு ஸ்கெட்ச் நோட்டும் 4பி பென்சிலும் வாங்கிக் கொடுங்கள். ரப்பர் கேட்கமாட்டார்.