வேர்ல்ட் சீரிஸ், 1947 முதல் 1960 வரை: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

முதலில் ஒன்று. அமெரிக்க பேஸ்பாலில் அந்த ஆண்டுகளில், அமெரிக்கன் லீக்கில் முதலிடம் பிடித்த அணியும் நேஷனல் லீக்கில் முதலிடம் பிடித்த அணியும் மோதியதுதான் வேர்ல்ட் சீரிஸ். முதலில் நான்கு ஆட்டம் ஜெயித்தவருக்குப் பட்டம். லீக் ஆட்டத்தை இதோடு குழப்பாதீர்கள்.

கே: 1951இல் பாபி தாம்சன் அடித்த ஹோம் ரன் (ஒரே அடியில் நான்கு பேஸையும் சுற்றி வந்து எடுக்கும் ரன்) தானே வேர்ல்ட் சீரிஸின் மிகப் பெரிய அடி?

ப: அது வேர்ல்ட் சீரிஸே அல்ல. நேஷனல் லீக்கில் ஜயன்ட்ஸும் டாட்ஜர்ஸும் சமநிலையில் நின்றதால் நடந்த கூடுதல் ஆட்டம், அக்டோபர் 3. அதற்கப்புறம் வந்த வேர்ல்ட் சீரிஸில் ஜயன்ட்ஸ் அமெரிக்கன் லீக்கின் யாங்கீஸிடம் 4-2 என்று தோற்றது.

கே: 1955இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் ஜெயித்ததை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

ப: 1941, 47, 49, 52, 53 என ஐந்து முறை இதே யாங்கீஸிடம் தோற்ற அணி அது. "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்பது அந்த ஊர்க்காரர்களின் வாய்ப்பாடாகவே ஆகியிருந்தது. அக்டோபர் 4, யாங்கீ ஸ்டேடியம், ஏழாவது ஆட்டம். டாட்ஜர்ஸுக்காக 23 வயது ஜானி பாட்ரஸ் பந்து வீசுகிறார். டாட்ஜர்ஸ் 2-0 முன்னிலை; இரண்டு ரன்னுமே கில் ஹாட்ஜஸால் வந்தவை. ஆறாவது இன்னிங்ஸில் யாங்கீஸுக்கு இரண்டு பேர் பேஸில், யாரும் அவுட் இல்லை. யோகி பெரா அடித்த பந்து இடது மூலைக்கு விலகிப் போகிறது. ஓடிப்போய்க் கையை நீட்டிப் பிடித்தவர் சாண்டி அமரோஸ். அங்கிருந்து பந்து ரீஸுக்கு, ரீஸிடமிருந்து முதல் பேஸில் நின்ற ஹாட்ஜஸுக்கு. முதல் பேஸை விட்டு ஓடியிருந்த மெக்டூகல்ட் திரும்புவதற்குள் பந்து வந்துவிட, அவரும் அவுட்.

இதில் நான் திரும்பத் திரும்ப நினைப்பது ஒன்று உண்டு. அமரோஸ் அந்த இன்னிங்ஸில்தான் இடதுபுறம் நிற்க வந்தார். டாட்ஜர்ஸ் இரண்டாவது பேஸ்காரருக்குப் பதில் மாற்று பேட்டரை இறக்கியதால், அதுவரை இடதுபுறம் நின்ற கில்லியம் இரண்டாவது பேஸுக்குப் போக வேண்டியதாயிற்று. அமரோஸ் இடது கையால் எறிபவர், கிளவுஸ் வலது கையில். மூலைக்கு ஓடும்போது அந்தக் கைதான் பந்துக்குப் பக்கம். கில்லியம் நின்றிருந்தால் கிளவுஸ் மறுபக்கம் இருந்திருக்கும்.

கே: அதே தொடரின் முதல் ஆட்டத்தில் டாட்ஜர்ஸின் ஜாக்கி ராபின்சன் ஹோமைத் திருடியபோது (பந்து வீசும் நேரத்தில் மூன்றாவது பேஸிலிருந்து கடைசி இடமான ஹோமுக்கு ஓடியபோது) அவுட்டா, சேஃபா?

ப: அம்பயர் பில் சம்மர்ஸ் சேஃப் என்றார். யாங்கீஸ் கேட்சர் பெரா அப்போதே குதித்துச் சண்டை போட்டார். கடைசிவரை அவுட் என்றே சொன்னார். நான் சேஃப் பக்கம்.

கே: படத்தில் கிளவுஸ் காலுக்கு முன்னால் தெரிகிறதே சார்?

ப: கிளவுஸ் தெரிவது வேறு, உடம்பில் பட்டது வேறு. ஒரே கோணத்தில் எடுத்த படத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

கே: சேஃப் என்றே வைத்துக்கொள்வோம். இரண்டு ரன் பின்தங்கியிருக்கும்போது அந்தத் துணிச்சல் தேவையா?

ப: நல்ல கேள்வி, உங்களோடு பாதி ஒத்துப்போகிறேன். அந்த ஓட்டம் பலித்தாலும் 6-5 என்று பின்தங்கியே இருப்பார்கள். ஆட்டமும் அப்படியே தோல்வியில் முடிந்தது. ஆனால் 36 வயதில் ஹோமுக்கு ஓடுகிறவரை எதிரில் வைத்துக்கொண்டு பந்து வீசுவது லேசான காரியமா? கணக்குப் பார்த்தால் தவறு. இருந்தாலும் நான் அவரைத் தடுத்திருக்க மாட்டேன்.

கே: டான் லார்சன்?

ப: யாங்கீஸ் பந்து வீச்சாளர். 1956 அக்டோபர் 8, ஐந்தாவது ஆட்டம். 27 பேர் வந்தார்கள், 27 பேரும் அவுட். 97 பந்துகள்.

கே: 1951 வேர்ல்ட் சீரிஸில் தாம்சன்...

ப: முதல் பதில்.

கே: 1960இல் யாங்கீஸ் 55 ரன், பிட்ஸ்பர்க் 27 ரன். எப்படித் தோற்றார்கள்?

ப: யாங்கீஸ் ஜெயித்தவை 16-3, 10-0, 12-0. பிட்ஸ்பர்க் ஜெயித்தவை 6-4, 3-2, 5-2, 10-9. கடைசி ஒன்றை பில் மாசராஸ்கியின் ஹோம் ரன் முடித்தது. மொத்த ரன்னுக்கு யாரும் பட்டம் தருவதில்லை.

கே: பையனுக்கு எந்த பேட் வாங்கலாம்?

ப: பயிற்சியாளரிடம் கேளுங்கள், நான் பழைய ஆட்டக்காரன் அல்ல, பழைய ஆட்டங்களைப் படிப்பவன்.

கே: 1955 ஏழாவது ஆட்டத்தில் ராபின்சன் என்ன செய்தார்?

ப: ஆடவில்லை. அவருக்குப் பதில் மூன்றாவது பேஸில் டான் ஹோக் நின்றார்.